சின்னப் பாய்ப்படகின் டீசல் டேங்க்: எந்த அளவை நம்புவது?

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்திலிருந்து போர்ட்டிக்சனுக்கு ஏறத்தாழ 50 கடல் மைல். காற்று செத்துப்போன ஓர் ஏப்ரல் பிற்பகலில், அந்த வழியில் எங்கள் படகின் எஞ்சின் ஒருமுறை இருமியது, இன்னொரு முறை இருமியது, நின்றது. டீசல் முள் கால் டேங்குக்குச் சற்று மேலே நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு டீசல் தீர்ந்திருக்காது என்று முடிவுகட்டி, பம்ப்பையும் ஃபில்டரையும் சந்தேகித்து அரை மணி நேரம் வீணாக்கினோம். அதற்குள் நீரோட்டம் எங்களைப் பெரிய கப்பல்கள் போகும் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. பிறகுதான் கையிலிருந்த 20 லிட்டர் கேனை ஊற்றி, குழாயில் புகுந்த காற்றை எடுத்துவிட்டு, எஞ்சினைக் கிளப்பினோம்.

மூன்று பேர் கூட்டாக வைத்திருக்கும் 29 அடிப் படகு இது. இரண்டு சிலிண்டர் யன்மார் 2ஜிஎம்20 எஞ்சின், 60 லிட்டர் டேங்க். அந்தப் பயணத்துக்குப் பிறகு, அளவு பார்க்கும் முறையை மாற்றியே தீருவது என்று உட்கார்ந்து, கிடைக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தோம். மலாக்கா நீரிணையில் பாய்ப்படகு வைத்திருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குக் காற்று ஓரளவு கைகொடுக்கும். மற்ற மாதங்களில் பகல் முழுக்க எண்ணெய் போல் கிடக்கும் கடல், விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறை. பாய்ப்படகு என்று பெயர், பாதி வழி எஞ்சினில்தான் போகிறோம்.

கருவிகளுக்கு வருவதற்கு முன் டேங்கின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் முள் பொய் சொல்லவில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அது சொன்னது உயரத்தை. நாங்கள் அதைக் கொள்ளளவு என்று படித்தோம்.

சின்னப் படகுகளில் டேங்க் பெரும்பாலும் படகின் அடிவயிற்றில், மிச்சமிருக்கும் இடத்துக்கு ஏற்றபடி மடித்துச் செய்யப்பட்டிருக்கும். எங்களுடையது 36 செ.மீ. உயரம். மேல் 20 செ.மீ. நேர்ச்சுவர், கீழ் 16 செ.மீ. ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல் குறுகிப் போகிறது. பாதி உயரத்தில் டீசல் நின்றால் 30 லிட்டர் இருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்குப் போட்டால் 21 லிட்டர் சொச்சம். கால் உயரத்தில், அதாவது 9 செ.மீ.யில், 15 லிட்டருக்குப் பதில் ஐந்தரை லிட்டர். அதிலும் எஞ்சினுக்குப் போகும் குழாயின் வாய் அடியிலிருந்து 4 செ.மீ. மேலே, டேங்கின் பின்கோடியில் இருக்கிறது. அணியம், அதாவது படகின் முன்முனை, தாழ்ந்து அலையில் இறங்கும்போது டீசல் முன்பக்கம் ஓடிவிடும், குழாய் காற்றை உறிஞ்சும். ஐந்து லிட்டர் டேங்கில் இருந்தபடியேதான் அன்றைக்கு எஞ்சின் நின்றது.

ஆகவே எந்தக் கருவியை வாங்கினாலும், உங்கள் டேங்கில் அதன் குறிகள் எத்தனை லிட்டருக்குச் சமம் என்று ஒருமுறை ஊற்றிப் பார்க்காவிட்டால் பணம் வீண். டேங்கைக் காலிசெய்து, ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் டேங்கில் முதல் ஐந்து லிட்டர் எட்டரை செ.மீ. ஏறியது. அடுத்த ஐந்து மூன்றரை செ.மீ. தான். 20 லிட்டரைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு ஐந்துக்கும் இரண்டே கால் செ.மீ.யைவிடக் கொஞ்சம் கூட. குறிகளைப் பார்த்தாலே டேங்கின் உருவம் கண்ணில் தெரியும்.

இனி வழிகள். முதலாவது, லாரிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது: குச்சி விட்டுப் பார்ப்பது.

நான் இதை முதலில் ஏற்கவில்லை. எங்கள் எஞ்சினைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன், கிள்ளானில் முப்பது வருடம் லாரி எஞ்சின் பிரித்தவர், டேங்க் மேல் மூடியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “தம்பி, கரண்டு வேணும், வயர் வேணும், மிதவை வேணும்ன்னு ஒவ்வொண்ணா சேர்த்தா ஒவ்வொண்ணும் ஒருநாள் போகும். குச்சியில என்ன போகும்?” குச்சியில் கெட்டுப்போக ஒன்றுமில்லை என்பது மெய். பேட்டரி செத்தாலும் அது வேலை செய்யும். தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையை நுனியில் தடவி விட்டால் டேங்கின் அடியில் எத்தனை மி.மீ. தண்ணீர் தேங்கியிருக்கிறது என்றும் காட்டிவிடும். சின்னப் படகுகளில் வழக்கமாக வைக்கும் மின்சார அளவுமானிகள் இந்த ஒரு வேலையைச் செய்யாது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். டெக்கில் இருக்கும் டீசல் ஊற்றும் வாய் வழியாகக் குச்சி போகாது, அந்தக் குழாய் வளைந்து வளைந்துதான் டேங்குக்கு வரும். டேங்கின் மேல்தகட்டில் தனியாக ஓர் ஓட்டையும் திருகுமூடியும் வேண்டும். அது டேங்கின் ஆழமான இடத்துக்கு நேர் மேலே, அகலத்தில் நடுவாக இருக்க வேண்டும். படகு அசையாமல் நிற்கும்போதுதான் பார்க்க முடியும். ஓடிக்கொண்டிருக்கும்போது, இரவில், அலையில், காக்பிட்டில் (சுக்கான் பிடிப்பவர் உட்காரும் இடம்) இருக்கும் பெட்டிக்குள் தலையை விட்டுக் குச்சி விடுவது யாருக்கும் பிடிக்காது. பிடிக்காத வேலையை நாம் செய்யவும் மாட்டோம்.

குச்சி எதனால் ஆனது என்பதும் முக்கியம். பளபளக்கும் கம்பியில் டீசல் ஈரம் கண்ணுக்குத் தெரியாது. உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, அல்லது கெட்டியான மரக்குச்சி நல்லது. பித்தளைக் கம்பியை விட்டு எடுப்பதில் தவறில்லை, டேங்குக்குள்ளேயே நிரந்தரமாக வைத்துவிடக் கூடாது. செம்பு கலந்த உலோகம் டீசலைச் சீக்கிரம் கெடுக்கும், பயோடீசல் கலந்ததை இன்னும் சீக்கிரம்.

இரண்டாவது, டேங்கின் பக்கத்தில் நிற்கும் கண்ணாடிக் குழாய், அல்லது தெளிவான பிளாஸ்டிக் குழாய். உள்ளே எவ்வளவு உயரமோ வெளியே அவ்வளவு உயரம், இதைவிட நேர்மையான கருவி கிடையாது. இருந்தும் எங்கள் படகில் வேண்டாம் என்று முதலிலேயே தள்ளிவிட்டோம். சாதாரணத் தெளிவான குழாய் டீசலில் வருடக்கணக்கில் இருந்தால் மஞ்சளாகி, விறைத்து, வெடிப்பு விடும். எஞ்சின் அறையில் நெருப்புப் பிடித்தால் அதுதான் முதலில் உருகும், டேங்க் முழுவதும் நெருப்பின் மேல் கொட்டும். படகு எரிபொருள் குழாய்களுக்கான ஐஎஸ்ஓ 7840 தரம், குழாய் இரண்டரை நிமிடம் நெருப்பைத் தாங்க வேண்டும் என்று கேட்கிறது. அதே டேங்கில் பிளாஸ்டிக் குழாயைத் தொங்கவிடுவது என் மனசுக்கு ஒப்பவில்லை. கட்டாயம் வைத்தாக வேண்டுமானால், கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும் வால்வு அடியில் இருக்க வேண்டும். பெட்ரோல் டேங்கில் இந்த யோசனையே வேண்டாம்.

மூன்றாவது, பெரும்பாலான படகுகளில் ஏற்கெனவே இருப்பது: மிதவையும் மின்சார முள்ளும். மிதவை ஏறி இறங்க, அதோடு சேர்ந்த மின்தடை மாறும், முள் அதைக் காட்டும். இதில் விலை குறைந்தது கையில் ஆடும் மிதவை. கம்பியில் நேராக ஏறி இறங்கும் காந்த மிதவை கொஞ்சம் கூடுதல் விலை. ஆடும் கையுள்ளதில் உராய்கிற பாகம் தேய்ந்துபோகும், கை வளைந்து தடுப்புத் தகட்டில் மாட்டிக்கொள்ளும். நேர்க்கம்பி வகையில் அளவு சீராக நகராமல் படிக்குப் படி தாவித்தான் மாறும், ஆனால் கசடு ஒட்டி மிதவை சிக்கினால் ஒழிய வருடக்கணக்கில் உழைக்கும்.

இங்கே பழைய படகு வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு, அதில் கொஞ்சம் நிற்கிறேன். இந்த மிதவைகளில் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. அமெரிக்க வழக்கத்தில் காலி டேங்குக்கு 240 ஓம், நிறைந்த டேங்குக்கு 33 ஓம். ஐரோப்பிய வழக்கத்தில் காலிக்கு 10, நிறைவுக்கு 180. ஒரு வழக்கத்து மிதவையோடு மற்ற வழக்கத்து முள்ளை இணைத்தால் காட்டுவது எல்லாமே தலைகீழ். யாரோ ஒரு பழைய உரிமையாளர் பாதியை மட்டும் மாற்றிவைத்துவிட்டுப் போயிருப்பார். மல்ட்டிமீட்டரை எடுத்து, மிதவையின் வயரைக் கழற்றி ஓம் அளந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதைவிட முக்கியமானது, வயர் அறுந்தால் என்ன காட்டும் என்பது. படகில் வயர் அறுவதும் முனை துருப்பிடிப்பதும் ‘என்றாவது’ நடப்பவை இல்லை, உப்புக்காற்றில் கட்டாயம் நடப்பவை. தொடர்பு விட்டுப்போனால் தடை எல்லையில்லாமல் ஏறிவிடும். அமெரிக்க முள் அதைக் காலி என்று படிக்கும். நாம் பதறி ஒரு கேனை வாங்கி ஊற்றுவோம், நஷ்டமில்லை. ஐரோப்பிய முள்ளோ டேங்க் நிறைந்திருக்கிறது என்று படிக்கும். இரண்டும் ஒரே விலைக்குக் கிடைக்கும்போது, கெட்டுப்போனால் காலி என்று காட்டுவதை எடுப்பதுதான் என் தேர்வு. வயர் தோல் உரிந்து தகட்டில் பட்டால் அமெரிக்க வகையும் நிறைவு என்று காட்டும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் உப்புக்காற்றில் முனை அரிப்பதுதான் அடிக்கடி பார்க்கிற பழுது.

மிதவை எந்த இடத்தில் உட்காருகிறது என்பதும் சேர்ந்தது. எங்கள் பழைய மிதவை நடுவிலிருந்து 12 செ.மீ. தள்ளி இருந்தது. பாய் விரித்துப் படகு 15 பாகை சாய்ந்தால், அந்த இடத்தில் டீசல் மட்டம் மூன்று செ.மீ.க்கு மேல் ஏறியோ இறங்கியோ நிற்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் கால் டேங்க், பக்கம் மாற்றிப் போனால் அதற்கும் மிகக் கீழே. படகு நேராக நிற்கும்போது பார்த்த அளவே அளவு, மற்றதெல்லாம் ஊகம்.

மிதவையே இல்லாத மின்சார வகையும் இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள் டேங்குக்குள் நிற்கும், நடுவில் டீசல் ஏற ஏற அவற்றின் மின்னேற்பு, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், மாறும். அசையும் பாகம் இல்லை என்பதால் விற்பவர்கள் இதைத்தான் புகழ்வார்கள். சுத்தமான டீசலில் அது அருமையாக வேலை செய்யும். ஆனால் அது நம்பியிருக்கும் மின்காப்பு எண் காற்றுக்கு 1, டீசலுக்கு 2 சொச்சம், தண்ணீருக்கோ 80. அடியில் ஒரு விரல்கடை தண்ணீர் தேங்கினாலே அளவு குழம்பிவிடும். மலேசியாவில் வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலக்கும் திட்டம் 2019இல் தொடங்கியது. பயோடீசல் ஈரத்தை அதிகமாக இழுத்து வைத்துக்கொள்ளும். இந்த வெக்கையில், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில், கறுப்புக் கசடு கட்டும் பூஞ்சை வளர்வதும் அதனால்தான். எங்கள் ஊர் டேங்குக்கு இது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஒலியலை அனுப்பி அளப்பவையும் அதே தட்டில்தான். மேலிருந்து அளப்பவற்றுக்குத் தம் முகத்துக்கு அருகே சில செ.மீ. கண் தெரியாது. 36 செ.மீ. டேங்கில் அது பெரிய பங்கு. எரிபொருள் ஓட்டத்தை அளக்கும் கருவியைப் பற்றியும் ஒரு வரி: டீசல் எஞ்சின் எரிக்காத மிச்சத்தைத் திருப்பி அனுப்பும், ஆகவே போவதையும் வருவதையும் தனித்தனியாக அளந்து கழிக்க வேண்டும். மணிக்கு இரண்டு லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு இரண்டு சென்சார், அவற்றின் பிழை வேறு. செலவுக்குத் தகுந்த பலன் இல்லை.

அதிகம் பேர் அறியாத ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. டேங்கின் அடிவரை ஒரு மெல்லிய குழாய். மறுமுனையில் கைப்பம்ப்பும், அழுத்தம் காட்டும் மானியும். நான்கைந்து தடவை அமுக்கினால் குழாயிலிருக்கும் டீசல் வெளியேறி அடியில் காற்றுக்குமிழி வரும். அப்போது நிற்கும் அழுத்தம்தான் டீசலின் உயரம். இளநீர்க் குடுவைக்குள் உறிஞ்சுகுழலை எவ்வளவு ஆழமாக விட்டு ஊதுகிறோமோ அவ்வளவு மூச்சுப் பிடிக்க வேண்டியிருக்கிறதே, அதே கதை. டீசலின் அடர்த்தி 0.84 என்று வைத்தால், 36 செ.மீ. டேங்க் நிறைந்திருக்கும்போது 30 செ.மீ. தண்ணீருக்குச் சமமான அழுத்தம், 0.03 பார். மின்சாரம் இல்லை, மிதவை இல்லை, டேங்குக்குள் கெட்டுப்போக ஒன்றுமில்லை. ஒரே மானியை வால்வு மாற்றி மாற்றிக் குடிநீர் டேங்குக்கும் கழிவு டேங்குக்கும் பயன்படுத்தலாம். உங்கள் படகில் இரண்டு மூன்று டேங்குகள் இருந்தால் என் முதல் பரிந்துரை இதுதான். ஒரே டேங்க் உள்ள எங்களுக்கு விலை கட்டுப்படியாகவில்லை, குழாய் இணைப்பில் ஊசிமுனைக் கசிவு இருந்தாலும் அளவு குறைவாகக் காட்டும் என்பதும் ஒரு யோசனை.

கடைசியாக, கருவியே இல்லாத வழி. எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் குறித்துக்கொண்டு, மணிக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கு வைப்பது. நோட்டுப்புத்தகமும் பேனாவும் போதும். சின்ன டீசல் எஞ்சின் ஒரு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 0.3 லிட்டர் எரிக்கும். ஆனால் அந்தப் பொது எண்ணை நம்பிக் கிளம்பாதீர்கள், உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள். டேங்கை ஒரே குறி வரை நிரப்பிவிட்டுக் கிளம்பி, அடுத்த முறை அதே குறி வரை நிரப்பும்போது எத்தனை லிட்டர் போனதென்று பார்த்து, ஓடிய மணியால் வகுக்க வேண்டும். ஐந்தாறு தடவை செய்தால் எண் நிலைத்துவிடும். எங்கள் நோட்டில், எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடினால் மணிக்கு 1.6 லிட்டர், வேகம் 5 நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்). அவசரப்பட்டு 2,800 சுற்றுக்கு ஏற்றினால் 2.4 லிட்டர், கிடைப்பது அரை நாட்டுக்குச் சற்று மேல். இந்த இரண்டு எண்களைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நாங்கள் படகு ஓட்டும் விதமே மாறியது.

இந்தக் கணக்கு நேரத்தில் பேசுகிறது என்பது அதன் பெரிய பலம். கடலில் எனக்குத் தெரிய வேண்டியது லிட்டர் இல்லை, இன்னும் எத்தனை மணி நேரம் என்பது. 2 நாட் நீரோட்டம் எதிராக வந்தால் 5 நாட் படகு 3 நாட்டில் நகரும். ஆறு மணி நேரத்தில் 30 கடல் மைலுக்குப் பதில் 18. குடிக்கும் டீசல் மட்டும் அதேதான். கடல் மைலுக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கு வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பலவீனமும் தெளிவு: எழுத மறந்தால் கணக்கு செத்தது. மூன்று பேர் பங்காளிகளாக இருக்கும் படகில் ஒருவர் மறப்பது வழக்கம். டேங்க் கசிந்தாலோ, தண்ணீர் புகுந்தாலோ நோட்டுக்குத் தெரியாது.

நாங்கள் எடுத்த முடிவு ஒரு கருவியை வாங்குவதில் முடியவில்லை. வேறு வேறு காரணத்தால் தவறக்கூடிய இரண்டு வழிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டோம்: குச்சியும் நோட்டும். நோட்டு மனிதனின் மறதியால் தவறும், குச்சிக்கு மறதி இல்லை. குச்சியை ஓடும் படகில் பார்க்க முடியாது, நோட்டை எப்போதும் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் அவற்றின் உண்மையான மதிப்பு தெரியும். குச்சி காட்டுவது கணக்கைவிட மூன்று லிட்டர் குறைவென்றால் எங்கோ கசிவு, அல்லது யாரோ எழுதவில்லை. கணக்கைவிடக் கூடுதல் என்றால் இன்னும் கவலை: யாரும் ஊற்றாத டீசல் எங்கிருந்து வரும்? போன மழைக்காலத்தில் குச்சி இரண்டு லிட்டர் கூடுதலாகக் காட்டியது. நுனியில் பசை தடவி விட்டுப் பார்த்தால் அடியில் ஐந்து செ.மீ.க்கு மேல் நிறம் மாறி வந்தது. டெக் மூடியின் ரப்பர் வளையம் வெடித்து, மழைத்தண்ணீர் வழிந்து இறங்கியிருந்தது. உறிஞ்சு குழாயின் வாயை எட்டிவிட்ட அந்தத் தண்ணீரை, நல்லவேளை, எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே இறைத்து வெளியேற்றினோம். முள் மட்டும் இருந்திருந்தால், டீசல் நிறைய இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருப்போம்.

மின்சார முள்ளையும் தூக்கி எறியவில்லை. 240–33 ஓம் நேர்க்கம்பி மிதவையாக மாற்றி, அகலத்தின் நடுவில் பொருத்தி, முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை ஒட்டினோம்: முக்கால் என்றால் 41 லிட்டர், பாதி 21, கால் 5. சுக்கான் பிடிப்பவர் ஒரு பார்வை பார்க்க அது போதும். முள் பாதிக்குக் கீழே போனால் கேனை ஊற்றுவது அல்லது கரைக்குத் திரும்புவது என்று மூவரும் ஒத்துக்கொண்டோம்.

உங்கள் நிலைமை வேறாக இருக்கலாம். டேங்க் ஒளி ஊடுருவும் வெள்ளை பிளாஸ்டிக்காக இருந்து, அதன் பக்கம் கண்ணுக்கு எட்டுமானால், ஐந்தைந்து லிட்டராக ஊற்றி மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள், ஒரு காசும் செலவில்லை. டேங்கின் மேல்பகுதி தரைக்கு அடியில் புதைந்து ஓட்டை போட வழியே இல்லை என்றால், நோட்டையும் இருக்கும் மிதவையையும் வைத்து ஓட்டுங்கள், ஆனால் கையிருப்புக் கேன் இல்லாமல் கிளம்பாதீர்கள். ஓட்டை போட முடிந்தால், டேங்கைக் காலிசெய்த பிறகே போடுங்கள். வெட்டும் பற்களில் கிரீஸ் தடவிக்கொண்டால் உலோகத்தூள் அதிலேயே ஒட்டும். உள்ளே விழுந்ததை வழித்துத் துடைத்து எடுத்துவிட வேண்டும், அந்தத் தூள் பம்ப்புக்குப் போனால் இந்தச் செலவெல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிடும். ஓட்டையைக் கை போகும் அளவுக்குப் போட்டால் அடியிலிருக்கும் கசடையும் அதே வழியில் வழித்தெடுக்கலாம். எங்கள் டேங்கிலிருந்து முதல் நாள் அரை வாளி கறுப்புக் கசடு வந்தது.

குச்சி இப்போது காக்பிட் பெட்டியின் உள்மூடியில் இரண்டு கிளிப்பில் நிற்கிறது, பக்கத்திலேயே துடைக்கத் துணி. நங்கூரம் தூக்குவதற்கு முன் குச்சி விட்டு நோட்டில் எழுதுகிறவர் யாரோ, அவர்தான் அன்றைக்கு எஞ்சின் சாவியைத் திருப்புவார்.